எறும்புக்குக் கருணை கிடையாது, கணக்குதான் உண்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படிப்பது பி.காம். பூச்சியைப் பற்றி எழுத உனக்கு என்னடா தகுதி என்று கேட்கப் போகும் விலங்கியல் துறை நண்பர்களுக்கு: இது பூச்சி விஷயம் மாதிரித் தெரியும், உள்ளே போனால் கணக்கு விஷயம். கோபம் வந்து ஆட்டோ அனுப்ப நினைப்பவர்கள், மதுரையிலிருந்து கொட்டாம்பட்டி நாற்பது கிலோமீட்டருக்கு மேல் என்பதையும் மீட்டர் யார் கொடுப்பது என்பதையும் யோசித்துவிட்டு அனுப்பவும் :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

போன மாதம் எங்கள் கல்லூரியில் ஒரு விழா. சிறப்பு விருந்தினர் நன்றாகப் பேசுகிறவர், ஊர் ஊராய்ப் போய் தன்னம்பிக்கை கொடுப்பவர். அவர் சொன்ன கதை இது. ஆப்பிரிக்காவில் ஒரு எறும்பு இருக்கிறதாம். சண்டையில் அடிபட்ட தோழனை விட்டுவிட்டு வராதாம். தூக்கிக்கொண்டு வந்து மருத்துவம் பார்க்குமாம். "ஆறறிவு படைத்த மனிதன் ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவனைச் செல்போனில் படம் பிடிக்கிறான். ஓரறிவு எறும்பிடம் இருக்கும் கருணை நம்மிடம் இருக்கிறதா?" என்று கேட்டு நிறுத்தினார். மண்டபமே கைதட்டியது. நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்த நண்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். (தொல்காப்பியர் எறும்புக்கும் கறையானுக்கும் மூன்று அறிவு என்று கணக்குச் சொல்லியிருக்கிறார். விருந்தினர் அதில் இரண்டைக் குறைத்துவிட்டார். அது சின்னத் தப்பு, விட்டுவிடலாம்.)

பெரிய தப்பு அந்தக் "கருணை" என்ற சொல்லில் இருக்கிறது. அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து அந்த எறும்பைப் பற்றித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியம் ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். முதலில் ஆச்சரியத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் விஷயம் நிஜமாகவே பிரமாதம்.

அதன் பெயர் மட்டபெலே எறும்பு, அறிவியல் பெயர் மெகாபொனேரா அனாலிஸ். சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கிற ஆப்பிரிக்க நாடுகளில் வாழ்கிறது. கறையான் தவிர வேறு எதையும் தின்னாது. ஒரு நாளைக்கு இரண்டு முதல் நான்கு தடவை, இருநூறு முதல் அறுநூறு எறும்புகள் வரிசை கட்டி, கறையான் மேயும் இடத்தின் மேல் படையெடுக்கும். நம்ம ஊரில் மண்புற்றைக் கொத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கறையானில் சிப்பாய் என்று ஒரு வகை உண்டு, தலையும் தாடையும் பெரிதாக இருக்கும். கடித்தால் விடாது. அந்தச் சண்டையில் எறும்புகளுக்குக் கால் போகும், அல்லது கறையான் உடம்பைக் கவ்வியபடியே தொங்கும். அடிபட்ட எறும்பு ஒரு வாசனையை வெளியே விடும். மற்ற எறும்புகள் வந்து முகர்ந்து, தூக்கிக்கொண்டு கூட்டுக்குப் போகும்.

ஐவரி கோஸ்ட் நாட்டின் கொமொயே தேசியப் பூங்காவில் இதைக் கவனித்து எழுதியவர்கள் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து எரிக் ஃபிராங்க்கும் அவருடைய கூட்டாளிகளும். 2017ல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் கட்டுரை வந்தது. அடிபட்ட எறும்பைத் தனியாக நடந்து வரவிட்டுப் பார்த்தார்கள். 32 சதவீதம் வழியிலேயே செத்தன, பெரும்பாலும் சிலந்தி மாதிரி வேட்டைக்காரர்களிடம் மாட்டி. தூக்கி வரப்பட்டவற்றில் ஒன்றும் சாகவில்லை. கூட்டுக்கு வந்தபின் கவ்விய கறையானைப் பிய்த்து எடுக்கிறார்கள். (எறும்புக்கு 'எடுக்கிறார்கள்' என்று எழுதிவிட்டேன், பரவாயில்லை, அந்த மரியாதை கொடுக்கலாம்.) கால் போன எறும்பு ஒரே நாளில் மீதிக் கால்களை வைத்து வேறு மாதிரி நடக்கப் பழகி, கிட்டத்தட்ட பழைய வேகத்துக்கு வந்துவிடுகிறது.

2018ல் அடுத்த கட்டுரை. காயத்தை மற்ற எறும்புகள் நக்குகின்றன, ஒரு தடவைக்கு நான்கு நிமிஷம் வரைகூட. அடிபட்டதைத் தனியே அடைத்து வைத்தால் 24 மணி நேரத்தில் 80 சதவீதம் செத்துப் போகிறது. முதல் ஒரு மணி நேரம் மட்டும் கூட்டாளிகளோடு விட்டால் சாவது 10 சதவீதம்தான். கிருமியில்லாத சுத்தமான இடத்தில் தனியாக வைத்தாலும் சாவு 20 சதவீதமாகக் குறைகிறது. அதாவது எறும்பைக் கொல்வது கால் போனது அல்ல, புண்ணில் ஏறும் கிருமி. 2023 கடைசியில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். புண்ணில் கிருமி ஏறிவிட்டதா இல்லையா என்பதை எறும்புகள் உடம்பின் மேல்தோல் வாசனை மாறுவதை வைத்துக் கண்டுபிடிக்கின்றன. ஏறியிருந்தால் மார்புப் பக்கத்துச் சுரப்பியிலிருந்து மருந்தை எடுத்துத் தடவுகின்றன. அந்தச் சுரப்பு நீரில் 112 பொருட்கள், அவற்றில் பாதி கிருமியைக் கொல்வதோ புண்ணை ஆற்றுவதோ. சோதனையில் பயன்படுத்திய கிருமி சூடோமோனாஸ் ஏருஜினோசா, ஆஸ்பத்திரிகளில் மனிதர்களையே படுத்தி எடுப்பது. இந்த வைத்தியம் சாவை 90 சதவீதம் குறைக்கிறது.

படித்துவிட்டு நானும் வாயைப் பிளந்தேன். இதில் ஒரு எழுத்தைக்கூட நான் குறைத்துப் பேசவில்லை.

இப்போது எரிச்சலுக்கு வருவோம். அதே கட்டுரைகளில் சிறப்பு விருந்தினர் சொல்லாமல் விட்ட பக்கங்கள் இருக்கின்றன. இரண்டு கால் போன எறும்பைத் தூக்குகிறார்கள். ஐந்து கால் போன எறும்பை? அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். இதில் கொடுமை என்னவென்றால், தூக்க வருகிறவர்கள் முகர்ந்து பார்த்து 'இது தேறாது' என்று முடிவு செய்வதில்லை. லேசாக அடிபட்டது காலை மடக்கிச் சுருண்டு, தூக்க வசதியாக அடங்கி இருக்கிறது. பலமாக அடிபட்டது உருண்டு புரண்டு துடிக்கிறது, தூக்கவே விடுவதில்லை. ஒத்துழைக்காததை யாரும் தூக்குவதில்லை. அவ்வளவுதான் அந்தக் கூட்டின் மருத்துவக் கொள்கை. இன்னொரு வேடிக்கை, லேசாக அடிபட்டது கூட்டாளிகள் பக்கத்தில் இருக்கும்போது கூடுதலாகத் தள்ளாடி நடக்கிறதாம், யாரும் இல்லாதபோது வேகமாக நடக்கிறதாம். நம்ம வடிவேலு காமெடி மாதிரி.

ஏன் இப்படி? இங்கேதான் பி.காம் வருகிறது. இந்த எறும்புக் கூடு சின்னது. அளவான ஒரு கூட்டில் ஒரு நாளைக்குச் சுமார் 13 புது எறும்புகள்தான் பிறக்கின்றன. அதே ஒரு நாளில் சண்டையில் அடிபட்டுத் தூக்கி வரப்படுபவை 9 முதல் 15. வரவும் செலவும் கிட்டத்தட்ட சமம். அடிபட்டதை எல்லாம் நஷ்டத்தில் எழுதினால் கூடு திவால். அடிபட்டதில் 95 சதவீதம் மறுபடி படையெடுப்புக்குப் போகிறது, சிலது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே. இப்படிக் காப்பாற்றுவதால் கூடு சுமார் 29 சதவீதம் பெரிதாக இருக்க முடிகிறது என்று அவர்களே கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆக, எறும்பு செய்வது இயந்திரப் பராமரிப்பு. ரிப்பேர் செலவு புது மெஷின் விலையைவிடக் குறைவாக இருந்தால் ரிப்பேர் செய். அதிகமானால் கழித்துவிடு. முதல் வருஷத் தேய்மானப் பாடத்தில் எங்களுக்கு நடத்தியது இதைத்தான். அன்றைக்கு யாரும் கண்ணைத் துடைக்கவில்லை.

எறும்புக்கு மனசு இருக்கிறதா என்று நான் வாதாட வரவில்லை. அது எனக்கு வேண்டாத வேலை. எறும்பைக் குறை சொல்லவும் வரவில்லை, பாவம், அது யாருக்கும் சொற்பொழிவு செய்யவில்லை. அதைக் கொண்டுவந்து மேடையில் நிறுத்தி 'இதைப் பார்த்துக் கற்றுக்கொள்' என்கிறவர்களோடுதான் என் சண்டை. கற்றுக்கொள்வது என்றால் முழுசாகக் கற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா? ஐந்து கால் பாடத்தை யார் நடத்துவது?

எந்த எறும்பிடம் கற்பது என்பதும் ஒரு கேள்வி. அமெரிக்காவில் காம்போனோட்டஸ் ஃபுளோரிடானஸ் என்று ஒரு எறும்பு. நம்ம வீட்டில் சர்க்கரை டப்பாவைச் சுற்றும் கட்டெறும்புக்குச் சித்தப்பா பெரியப்பா முறை, ஒரே பேரினம். 2024ல் கரண்ட் பயாலஜியில் வந்த கட்டுரைப்படி, இது கூட்டாளியின் காலையே வெட்டி எடுக்கிறது. தொடையில் காயம் என்றால் காலைத் தோள் மூட்டு வரைக்கும் கடித்துத் துண்டாக்குகிறது, நாற்பது நிமிஷமாவது ஆகும். தொடைக்குக் கீழே காயம் என்றால் வெட்டுவதில்லை, நக்கிச் சுத்தம் செய்கிறது. தொடையில் தசை அதிகம், அது அடிபட்டால் ரத்த ஓட்டம் மந்தமாகிவிடுகிறது, கிருமி ஏறுமுன் வெட்ட நேரம் இருக்கிறது. கீழே அந்த நேரம் இல்லை. தொடைக் காயத்தில் வெட்டினால் பத்தில் ஒன்பது பிழைக்கிறது, வெட்டாவிட்டால் பத்தில் நான்குகூடத் தேறுவதில்லை. வெட்டுப்படுகிற எறும்பு அசையாமல் காலை நீட்டிக்கொண்டிருக்கிறதாம். நம்ம கட்டெறும்பும் இதைச் செய்கிறது என்று நான் சொன்னதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம், இது அமெரிக்கச் சொந்தக்காரர் கதை.

இது நல்ல எறும்பு. ஆனால் லேசியஸ் நெக்லெக்டஸ் என்று ஒன்று இருக்கிறது. பூஞ்சை நோய் பிடித்த கூட்டுப்புழுவைக் கண்டுபிடித்தால் கூட்டைப் பிய்த்து, குழந்தையைக் குத்தி, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சிக் கொன்றுவிடுகிறது. நோய் பரவக் கூடாதல்லவா, 2018ல் வந்த ஆய்வு இது. டெம்னோதோராக்ஸ் என்று இன்னொன்று, சாகப் போகிறது என்றால் கூட்டைவிட்டுத் தானே வெளியே போய் அனாதையாகச் செத்துவிடுகிறது. கறையானில் பல வகை, அடிபட்ட கூட்டாளியைத் தின்றே விடும். இவை எல்லாமும் அதே கணக்குப் புத்தகத்தின் பக்கங்கள்தான். கூட்டுக்கு லாபமா நஷ்டமா, அந்த ஒரே கேள்வி. மேடைக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துவந்து 'கருணை' என்று தலைப்புப் போட்டால் அதற்குத் தணிக்கைத் துறையில் வேறு பெயர் உண்டு.

எதிர்க் கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை. இந்த விஷயத்தைக் கேன்டீனில் பேசும்போது ஒரு நண்பன், "இயற்கையில் பலவீனமானது சாகணும் மாப்ள, டார்வினே சொல்லிட்டார்" என்றான். அந்தச் சொற்றொடரை உண்டாக்கியது டார்வின் இல்லை, 1864ல் ஹெர்பர்ட் ஸ்பென்சர். டார்வின் பிறகு எடுத்துக்கொண்டார், அதை விடு. மட்டபெலே படையில் போகிற எறும்புகளில் 22 சதவீதம் வரை ஒன்று இரண்டு கால் இல்லாதவை. ஐந்தில் ஒரு சிப்பாய் ஊனம். அந்தப் படைதான் தினமும் ஜெயித்துக்கொண்டிருக்கிறது. ஆக, 'பலவீனமானதைக் கழித்துவிடுவது இயற்கை' என்பவனும் பாதிப் பக்கம்தான் படித்திருக்கிறான்.

இவ்வளவு கோபம் எதுக்குடா, ஒரு எறும்புக் கதைக்கு? சொல்கிறேன்.

எங்கள் சித்தப்பா ஒரு நார் மில்லில் வேலை பார்த்தார். எங்கள் பக்கம் தென்னை அதிகம், மட்டை அடிக்கிற மில்கள் உண்டு. எந்த மில் என்பது இங்கே வேண்டாம். ஏழெட்டுப் பேர் வேலை செய்கிற சின்ன இடம், இ.எஸ்.ஐ எல்லாம் கிடையாது. 2022 அக்டோபரில் மட்டை அடிக்கிற மெஷினில் வலது கை மாட்டிக் கட்டைவிரல் அடியோடு போய்விட்டது. அப்போது அவருக்கு நாற்பது வயசு. முதலாளி தன் சொந்தக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு மதுரைக்குப் பறந்தார். சீட்டில் எல்லாம் ரத்தம், அவர் ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவர்தான். வீட்டுக்கு ஹார்லிக்ஸ், ஆப்பிளோடு வந்து பார்த்தார். "ஒன்னும் கவலப்படாதய்யா, ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுத்துட்டு வா" என்றார். ஊரே சொன்னது, தங்கமான மனுசன் என்று.

இரண்டு மாசம் கழித்துச் சித்தப்பா போனார். கட்டைவிரல் இல்லாத கையால் மட்டையைப் பிடித்துக் கொடுக்க முடியவில்லை. பத்து நாள் கூட்ட வைத்தார்கள், மட்டைத் தூள் அள்ள வைத்தார்கள். மண்வெட்டியும் நிற்கவில்லை. அப்புறம் முதலாளி இருபதாயிரம் ரூபாயைக் கையில் வைத்து, "வேற ஏதாவது பாத்துக்கய்யா" என்றார். அதோடு சரி.

நான் அந்த மனிதரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் அன்றைக்கு ஓட்டிய வேகத்தில்தான் சித்தப்பா கை மிச்சம். ஆனால் அவர் செய்தது எழுத்துக்கு எழுத்து மட்டபெலே எறும்பு செய்தது. தூக்கினார், கொண்டுவந்தார், மருந்து போட்டார், படைக்குத் திரும்புவான் என்று காத்திருந்தார். திரும்ப முடியாது என்று தெரிந்ததும் கணக்கை முடித்தார். மேடையில் இருந்து "எறும்பைப் போல இரு" என்று சொன்னால், அவர் முன்வரிசையில் உட்கார்ந்து 'நாம் ஏற்கெனவே அப்படித்தானே இருக்கிறோம்' என்று நிம்மதியாகக் கைதட்டலாம்.

போன வருஷம் தொழில் சட்டப் பாடத்தில் 1923-ம் வருடத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. வகுப்பில் பாதிப் பேர் தூங்கிய பாடம். (அந்தச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020க்குள் போய்விட்டது, 2025 நவம்பர் 21 முதல் தொகுப்புதான் அமலில். சித்தப்பாவுக்கு அடிபட்டபோது பழசுதான்.) அதன் முதல் அட்டவணை பார்த்திருக்கிறீர்களா? இரண்டு கையும் போனால் 100 சதவீதம். தோள் மூட்டோடு ஒரு கை போனால் 90. ஒரு கையில் நான்கு விரல் போனால் 50. கட்டைவிரல் மட்டும் போனால் 30. படிக்கும்போது கசாப்புக் கடை விலைப்பட்டியல் மாதிரி இருக்கும், வகுப்பில் சிரித்தோம். நான் கட்டைவிரல் வரியில் நின்றுவிட்டேன்.

இதுவும் கணக்குதானே என்று கேட்பீர்கள். ஆமாம், கணக்குதான். சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போச்சு என்றுதான் அதுவும் பார்க்கிறது. ஆனால் போகிற திசையைப் பாருங்கள். எறும்புக் கூட்டில் காயம் பெரிதாகப் பெரிதாக உதவி குறைகிறது, ஐந்து கால் போனால் பூஜ்யம். இந்த அட்டவணையில் காயம் பெரிதாகப் பெரிதாகத் தொகை கூடுகிறது. இனி ஒரு நாளும் மில்லுக்குத் திரும்ப மாட்டான் என்கிறவனுக்குத்தான் முழுத் தொகை. அவன் அடங்கி ஒத்துழைத்தானா, துடித்துக் கத்தினானா என்று அது கேட்பதில்லை. முதலாளி தங்கமா பித்தளையா என்றும் கேட்பதில்லை. எந்தக் கூட்டிலும் எந்தப் பூச்சியும் இப்படி ஒரு அட்டவணை போட்டதில்லை. மேடையில் நின்று ஒருவர் நமக்குப் பெருமையாகச் சொல்லிக்காட்ட வேண்டியது ஏதாவது உண்டென்றால், அது தூங்கவைக்கிற இந்த அட்டவணைதான்.

சித்தப்பாவுக்கு எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று போட்டுப் பார்த்தேன். மாசச் சம்பளம் 12,000. அதில் 60 சதவீதம் 7,200. நாற்பது வயசுக்குச் சட்டம் கொடுக்கும் காரணி 184.17. பெருக்கினால் 13,26,024. அதில் 30 சதவீதம் 3,97,807 ரூபாய். கால்குலேட்டரில் மூன்று தடவை போட்டேன். கிடைத்தது இருபதாயிரம், அதுவும் தர்மமாக.

மனு கொடுக்கக் கெடு இரண்டு வருஷம். 2024 அக்டோபரோடு முடிந்துவிட்டது. தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் ஆணையர் ஏற்றுக்கொள்ள இடம் இருக்கிறது என்று அதே பிரிவில் இருக்கிறது. சட்டமே தெரியாது என்பது போதிய காரணமா என்று ஒரு வக்கீல் அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். எழுதிக் கொடுத்துப் பார்ப்போம் தம்பி என்றிருக்கிறார்.

எழுதியும் விட்டேன். இரண்டு பக்கம், என் கையெழுத்து அழகாகவே வந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்ச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "வேணாம்டா. அவரு நல்ல மனுசன். அன்னைக்கு அவரு வண்டி மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்? அவர் மேல கேஸ் போட்டேன்னு ஊரு என்ன பேசும்?" என்றார். சித்தி அடுப்படியிலிருந்து, "நாலு லட்சம்னு புள்ள சொல்றான்ல" என்று மட்டும் சொன்னார். சித்தப்பா பதில் சொல்லவில்லை.

மனுவை அங்கேயே, டிவி மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கையெழுத்துப் போட வேண்டிய இரண்டு இடத்திலும் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். அவர் இப்போது இடது கையால்தான் எழுதுகிறார், கொஞ்சம் கோணலாக வரும். நேற்று ராத்திரி வரை போடவில்லை.